சாத்தன் மகன் பூதி எடுத்த கற்றளி

கீரனூரைத் தாண்டிப் புதுக்கோட்டைச் சாலையில் வரும்போதே நார்த்தாமலைப் பாறைகள் கண்ணில் படத் தொடங்கிவிடும். மேலமலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை, பொம்மை மலை என்று ஒன்பது குன்றுகளை ஊரார் அடுக்குவார்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் இந்தக் குன்றுகளை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காவடியோடு கோயிலுக்குள் போய்விடும். நான் போனது திருவிழா இல்லாத நாளில். ஒரு பெயரைத் தேடிப் போனேன். அது முத்தரையர் என்ற பெயர்.

அந்தப் பெயரைப் பார்க்க மலையேறத் தேவையில்லை என்று யாரும் சொல்லலாம். திருச்சி ஒத்தக்கடையில் பெரும்பிடுகு முத்தரையருக்குச் சிலை இருக்கிறது. மே 23 நெருங்கினால் சதய விழாச் சுவரொட்டிகள் திருச்சி முதல் புதுக்கோட்டை வரை ஒட்டப்படுகின்றன. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் முத்தரையர், முத்துராஜா, அம்பலக்காரர் என்று பல பெயர்களில் அழைக்கப்படும் மக்கள் இந்தப் பெயரோடு தங்களை இணைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பெயரைச் சூடிய தலைவர்கள் தங்கள் குடும்பக் கதையையே கல்லில் விட்டுப் போன இடம் மேலமலை. அதை நேரில் எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஊரைக் கடந்து சற்று நடந்தால் பாறைச் சரிவு தொடங்குகிறது. அங்கங்கே கால் வைக்கத் தோதாகக் கொத்தியிருக்கிறார்கள். வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை. அதன் தண்ணீருக்கு அடியில் ஒரு குடைவரை இருக்கிறது, உள்ளே லிங்கம். தண்ணீரை இறைத்தால்தான் சாமியைக் காண முடியும். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுவது நல்லது. பாறை சூடேறிவிட்டால் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

மேலே ஏறியதும் சட்டென்று எதிரே நிற்கிறது விசயாலய சோழீச்சரம். மேற்குப் பார்த்த கோயில். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். விமானத்தின் கழுத்தும் தலையும் வட்டமாகவே இருக்கின்றன. சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்திருக்க வேண்டும், இன்று ஆறு நிற்கின்றன. ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிய கோயிலின் குட்டி போலவே இருக்கும். தமிழ்நாட்டின் முழுக் கற்றளிகளில் இவ்வளவு பழமையும் இவ்வளவு முழுமையும் சேர்ந்தவை மிகச் சில. ஓர் அரைநாள் இதற்கே போதாது.

நான் தேடி வந்தது வாயிலில் இருந்தது. வாயில் காவலர் சிற்பத்தின் காலடிப் பக்கம் குனிந்தால் எழுத்துகள் தெரியும். புள்ளி வைக்காத எழுத்து. எகர ஏகார வேறுபாடு கிடையாது. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-ல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியின் பாடத்தை முன்பே படித்து வந்திருந்ததால் விரலால் தொடாமல் கண்ணாலேயே தொடர முடிந்தது. செய்தி இதுதான்: இந்தக் கற்றளியை எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர். மழை இடித்து அது அழிந்தது. மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தார்.

விசயாலயனின் பெயர் இதில் இல்லை. கி.பி. 850-ஐ ஒட்டித் தஞ்சையைப் பிடித்துச் சோழ அரசை மறுபடி நிலைநாட்டியவன் அவன். முத்தரையரிடமிருந்து பிடித்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவன் பெயரால் இந்த ஈச்சரத்தைக் குறிப்பது பிற்காலப் பாண்டியர் காலக் கல்வெட்டில்தான் வருகிறது. கட்டிய முத்தரையனை விட்டுவிட்டு அவன் குலத்தை வென்றவன் பெயரால் ஒரு கோயிலை ஊரும் உலகமும் அழைத்துவருவது எனக்கு உறுத்துகிறது. விசயாலயனுக்குப் புகழ் சேர்க்க எத்தனையோ இடம் இருக்கிறது. சாத்தன் பூதிக்கு இந்தக் காலடிக் கல்தான் இருக்கிறது.

ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் நிழலுக்காக மண்டபத்துப் பக்கம் ஒதுங்கினார். “என்ன தம்பி, கல்லையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க?” என்றார். சாத்தன் மகன் பூதி கட்டினதாக எழுதியிருக்கிறது அய்யா என்றேன். “சாத்தன் மவன் பூதியா? அப்ப அப்பன் பேரு முன்னாடி, அவரு பேரு பின்னாடி. ரேசன் கார்டுல போடுற மாதிரிதான்” என்றார். ஒரு பாடநூல் பல பக்கத்தில் விளக்க வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முத்தரையர் பெயர்களை வாசிக்கும் திறவுகோல் அதுதான். இளங்கோவதியரையர், விடேல்விடுகு, பெரும்பிடுகு என்பனவெல்லாம் பட்டம். அதோடு வரும் இரட்டைப் பெயரில் முதல் பாதி தகப்பன், இரண்டாம் பாதி பிள்ளை. நாம் இன்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்ட முன்னெழுத்தை அவர்கள் முழுப்பெயராக எழுதினார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் கல்வெட்டுகள் ஒரு குடும்பமாகக் கூடிவிடுகின்றன.

கோயிலுக்கு எதிரே உள்ள பாறைச் சுவரில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈச்சரம். அதன் முன்பக்கத்து அடித்தளக் கல்வெட்டு பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி இந்தக் குடைவரையைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபமும் இடபக் கொட்டிலும் பலிபீடமும் எடுப்பித்தாள். மீனவன் தமிழதியரையன் என்கிற மல்லன் அனந்தன் அவள் கணவன்.

இந்தச் சில வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பழியிலி சிறியநங்கை. கல்யாணமாகிவிட்ட பெண், கணவன் பட்டம் பெற்ற தலைவன், ஆனாலும் தன் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரையே வைத்திருக்கிறாள். தகப்பன் தொடங்கியதற்கு முன்மண்டபம் கட்டித் தன் பெயரைப் பொறித்திருக்கிறாள். அவள் கட்டிய மண்டபத்தின் அடித்தளம்தான் அந்த எழுத்துகளை இன்றுவரை தாங்கியிருக்கிறது. இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் அவளுடையதுதான்.

இப்போது முன்னெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். பழியிலிக்கும் பூதிக்கும் தகப்பன் பெயர் சாத்தன். பழியிலியின் தகப்பன் விடேல்விடுகு முத்தரையன் என்றும் சொல்லப்படுகிறது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மலையடிப்பட்டியில், பல்லவன் தந்திவர்மனின் 16-ஆம் ஆட்சியாண்டில் ஒரு குடைவரையைக் குடைவித்தவர் விடேல்விடுகு முத்தரையன் என்கிற குவாவன் சாத்தன். பட்டமும் ஒன்று, பெயரும் ஒன்று, காலமும் ஒரு தலைமுறை முன்னதாகச் சரியாக வந்து பொருந்துகிறது. குவாவன், அவன் மகன் சாத்தன், அவன் மக்கள் பழியிலியும் பூதியும், பழியிலியின் மகள் சிறியநங்கை என்று நான்கு தலைமுறை எழுந்து நிற்கிறது. பூவாலைக்குடிக் குடைவரையில் அமருன்றி முத்தரையன் என்கிற பூதி களரி வருகிறான். ஒரு பூதியின் பிள்ளை அவன். கோயிலைப் புதுப்பித்த மல்லன் விடுமனையும் சிறியநங்கையின் கணவன் மல்லன் அனந்தனையும் அருகருகே வைத்தால் தகப்பன் பெயரும் ஒன்று, தமிழதியரையன் என்ற பட்டமும் ஒன்று. அண்ணன் தம்பியாகத்தான் எனக்குப் படுகிறது. அப்படியானால் மாமனார் வீட்டார் எடுத்த கோயில் இடிந்தபோது மருமகன் வீட்டார் வந்து எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

பெயர்கள் எந்த ஊர்களில் கூடிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்து வரலாறு தேடுவது வேறு நாடுகளில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹென்றி பிரௌம் கப்பி என்பவர் 1890-ல் விவசாயிகளின் குடும்பப் பெயர்களை மாவட்ட வாரியாக எண்ணி ஒரு நூலே எழுதினார். விவசாயி இடம்பெயர்வது குறைவு, ஆகவே பெயரின் சொந்த ஊர் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. 1538-ல் தேவாலயங்கள் தோறும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடு வைக்க உத்தரவானதால் அங்கே தொடர்ச்சியாகக் காகிதச் சான்று கிடைக்கிறது. சைக்ஸ் என்ற குடும்பப் பெயர் யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் செறிந்தது. அந்தப் பெயருள்ள ஆண்களின் மரபணுவைப் பிரையன் சைக்ஸ் என்ற அறிவியலாளர் சோதித்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒரே தந்தைவழியைக் காட்டுவதாக 2000-ல் எழுதினார். நமக்கு அந்தப் பதிவேடு கிடையாது. கல்வெட்டுதான் நமது பதிவேடு.

அந்தப் பதிவேட்டில் முத்தரையர் என்ற பெயர் வெகுதூரம் போகிறது. கடப்பை மாவட்டத்துக் கலமல்லாவில் 6-ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கல்வெட்டு எரிகல் முத்துராஜு தனஞ்சயனைச் சொல்கிறது. கன்னட நாட்டில் கங்க அரசன் ஸ்ரீபுருஷனுக்கு முத்தரசன் என்ற பெயர் உண்டு. நாலடியார் இரண்டு பாடல்களில் பெருமுத்தரையரைக் குறிப்பிடுகிறது. தெலுங்கு, கன்னட நாட்டுப் பெயருக்கும் காவிரிக் கரைப் பெயருக்கும் இரத்த உறவா, பட்ட உறவு மட்டுமா என்று அறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள். அரையர் என்பது அரசர், தலைவர் என்ற பொருளில் தென்னாடு முழுக்கப் புழங்கிய பட்டம் என்பதால் பட்ட உறவென்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சைக்கு அருகில் செந்தலையில் தூண்கள் நிற்கின்றன. நியமத்துப் பிடாரி கோயிலிலிருந்து வந்தவை அவை. அவற்றில் மூன்று தலைமுறை வரிசையாக இருக்கிறது: பெரும்பிடுகு முத்தரையன் என்கிற குவாவன் மாறன், அவன் மகன் இளங்கோவதியரையன் என்கிற மாறன் பரமேசுவரன், அவன் மகன் பெரும்பிடுகு முத்தரையன் என்கிற சுவரன் மாறன். பாட்டனின் பெயரும் பட்டமும் பேரனுக்கு வந்துவிட்டன. இதைச் சொன்னதும் ஆட்டுக்காரப் பெரியவர், “எங்க அப்பா பேருதான் என் மூத்த பயலுக்கு. இப்ப அவன் புள்ளைக்கு என் பேர வைக்காம என்னமோ புதுசா வச்சிருக்கான்” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பட்டங்களிலேயே அரசியலும் இருக்கிறது. பகாப்பிடுகு மகேந்திரவர்மப் பல்லவனின் பெயர். திருவெள்ளறையில் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய கிணற்றுக்கு மார்ப்பிடுகுப் பெருங்கிணறு என்று பெயர். பெரும்பிடுகு, விடேல்விடுகு எல்லாம் அந்தப் பல்லவ வாசனை வீசும் பட்டங்கள். சிறியநங்கையின் கணவன் வீட்டாரோ தென்னவன், மீனவன் என்று பாண்டியன் பெயர்களை அணிந்தவர்கள். காஞ்சிக்கும் மதுரைக்கும் இடையில் எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்று தெரியாத நிலத்தில் வாழ்ந்த தலைவர்கள் இவர்கள். வரகுண பாண்டியனும் பல்லவரும் மோதிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் இந்த மலையில் இத்தனை உளிகள் வேலை செய்திருக்கின்றன.

பெரிய குடைவரையைச் சமணர் குடகு என்கிறார்கள். பின்னாளில் அது பதினெண்பூமி விண்ணகரம் என்ற திருமால் கோயிலாக மாறியது. உள்ளே ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக நிற்கின்றன. முன்னுள்ள மேடையில் யாளிகளும் யானைகளும் ஓடுகின்றன. பதினெண்பூமி என்பது வணிகக் குழுவோடு சேர்ந்த பெயர். இந்த ஊரே நகரத்தார் மலை. அதுதான் நார்த்தாமலை ஆயிற்று. முதலாம் இராசராசன் காலத்தில் இவ்வூருக்குத் தெலுங்ககுலகாலபுரம் என்று பெயர் சூட்டினார்கள். அரசன் சூட்டிய அந்தப் பெயர் இன்று ஊர் வாயில் இல்லை. வணிகர் பெயர் நிலைத்தது.

பட்டம் பெயராகி ஊர் ஊராகப் பரவுவது நம் பக்கத்தில் இன்றும் காணக்கூடியது. பல்லவராயர், தொண்டைமான், மழவராயர், காலிங்கராயர் என்று புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் எத்தனை பெயர்கள்! திருவரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிரபந்தத்தை அபிநயத்தோடு சேவிப்பவரும் அரையரே. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்ன பிறகு தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பழைய சாத்தன் பூதி முறைக்கே, தகப்பன் பெயரும் தன் பெயரும் என்ற முறைக்கே, போய்ச் சேர்ந்தார்கள். அது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். கடல் கடந்தவர்களுக்கு வேறு விதி வாய்த்தது. தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, கவுண்டர், படையாச்சி என்பவை தலைமுறை தலைமுறையாக மாறாத குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. மலேசியத் தமிழர் அடையாள அட்டையில் மட்டும் தன் பெயரும் தகப்பன் பெயரும் நடுவில் ‘அனாக் லெலாக்கி’ என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கத்தோடு நிற்கின்றன. மகன் என்பதுதான் அது. வரிசையை மாற்றினால் சாத்தன் பூதி.

இறங்குமுன் தொல்லியல் துறைக் காவலரிடம், வருகிறவர்கள் இந்தக் காலடிக் கல்வெட்டைக் கேட்கிறார்களா என்று விசாரித்தேன். “படம் எடுப்பாங்க சார், எழுத்த யாரும் கேக்கறதில்ல” என்றார். அடுத்து வருகிறவர்கள் கேட்க வேண்டும். வாயில் காவலரின் காலடியில் சாத்தன் பூதியையும், எதிர்க் குடைவரையின் அடித்தளத்தில் பழியிலி சிறியநங்கையையும் காட்டச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் அவர்கள் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லவைக்க வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் கீரனூர் திரும்பிக் கிள்ளுக்கோட்டைச் சாலையில் மலையடிப்பட்டிக்குப் போகலாம். இவர்கள் இருவருக்கும் மூத்தவரான குவாவன் சாத்தன் அங்கே இருக்கிறார்.