ஐஸ் இருக்கும் வரை கடல்

ஆழ்கடல் மீன்பிடிப் பயணம் என்றாலே பனைமர உயர அலையிலிருந்து ஆரம்பிப்பது நம்மவர் வழக்கம். கொச்சி தொப்பும்படித் துறைமுகத்தில் புறப்படத் தயாராக நிற்கும் ஒரு குமரி மாவட்டத் தூத்தூர் விசைப்படகைப் பார்த்தால், கண்ணை நிறைப்பது அலையோ வலையோ இல்லை, ஐஸ். பார் பாராக வந்து இறங்குகிறது, அரைபடுகிறது, தூளாகிக் கீழறைக்குள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அறை நிரம்ப மணிக்கணக்காகிறது. டீசலை மிச்சம் பிடிக்கலாம், குடிதண்ணீரை அளந்து ஊற்றலாம், அரிசி தீர்ந்தால் பக்கத்துப் படகில் கேட்டு வாங்கலாம். ஐஸ் மட்டும் யார் சொல்லுக்கும் கட்டுப்படாது. கரையை விட்ட நேரத்திலிருந்து உருகிக்கொண்டே இருக்கும். அது தீரும்போது, பிடித்தது போதுமோ போதாதோ, படகு திரும்பியாக வேண்டும். இந்தப் படகுகளில் தூரத்தைக் கடல் மைலில் சொன்னால் பாதிதான் புரியும். நாளில் சொன்னால்தான் முழுதாகப் புரியும். இருபது நாள், முப்பது நாள், சில நேரம் அதற்கும் மேல். லட்சத்தீவைத் தாண்டுகிறார்கள். டியேகோ கார்சியா பக்கம் போய்ப் பிரிட்டிஷ் காவல் கப்பலிடம் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இதைத் துணிச்சல் என்று சொல்லி மாலை போட்டுவிடுவது சுலபம். எனக்கு அது சோம்பேறித்தனமான பாராட்டாகப் படுகிறது. துணிச்சல் ஒரு நாளைக்குப் போதும். முப்பது நாளைக்கு வேண்டியது வேறு.

அது என்ன என்று தெரிந்துகொள்ள மீனைவிட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும். படகின் பின்பக்கம், ஒருவர் நின்று திரும்பினால் தோள் இடிக்கிற அளவு இடம். கேஸ் அடுப்பில் பாத்திரம் சறுக்காமலிருக்கச் சுற்றிலும் கம்பி. அங்கே வேகிறதைப் பார்த்தே கரையை விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். தக்காளியும் மரச்சீனிக் கிழங்கும் இருந்தால் பயணம் இளசு. முட்டைக்கோசும் பூசணியும் மட்டும் மிஞ்சியிருந்தால் பாதி தாண்டியாயிற்று. வெறும் வெங்காயம், புளி, மிளகாய்த்தூள், சோறு என்றால் எல்லார் பேச்சிலும் கரை வந்துவிட்டது என்று அர்த்தம். மீன் குழம்பு எல்லா நாளும் உண்டு. விலைபோகும் கேரைச் சூரையும் நெய்மீனும் பெரும்பாலும் அந்தச் சட்டிக்குள் வராது; ஏலத்தில் மதிப்பில்லாத சில்லறை மீன்தான் வரும். குளியல் கடல்நீரில், நல்ல தண்ணீர் குடிக்கவும் வேகவைக்கவும். பத்துப் பதினைந்து ஆண்கள் இப்படி ஒரு மாதம் முகத்தோடு முகம் வைத்து இருப்பதில், ஒருவர் மேல் ஒருவருக்கு எரிச்சல் வராமலிருக்க வாய்ப்பே இல்லை. வரும் எரிச்சலை என்ன செய்வது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. படகை நடத்தும் ஸ்ராங்கு எப்போது சத்தம் போடலாம், சமையல்காரரிடம் யாரும் எதற்காக வாய் கொடுப்பதில்லை, புதிதாக வந்த பையனுக்கு இரவு முறையை எந்த நாளிலிருந்து கொடுக்கலாம் என்பதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதுதான் இந்தத் தொழிலின் முதல் முதலீடு என்பது என் கட்சி.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2017இல் பாக் நீரிணை இழுவைமடிப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கைப்பணம் 10. முதல் ஆண்டில் 500 படகு, மூன்று ஆண்டில் 2,000 என்பது இலக்கு. நோக்கத்தில் பழுது சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழமே உள்ள கடலைப் பல பத்தாண்டுகளாக மடி அரித்தெடுத்துவிட்டது. எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை நிற்கிறது, வடக்கு மாகாணத் தமிழ் மீனவர் வலையும் அறுபடுகிறது. அதே 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. ஆழ்கடலுக்குப் போங்கள் என்பது நியாயமான சொல். ஆனால் திட்டம் இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. கடன் சுமை, பயணச் செலவு, துறைமுக வசதி என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன, எல்லாம் உண்மைதான். அவற்றையெல்லாம் சரிசெய்தாலும் ஒன்று மிஞ்சும். ராமேசுவரத்துக்காரர் காலையில் போய் மறுநாள் காலையில் இறால் கூடையோடு திரும்புகிறவர். அவர் வீட்டு வட்டிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கடைக்காரரின் பொறுமை எல்லாம் அந்த மறுநாளை நம்பி ஓடுகின்றன. தூத்தூரில் வீடே ஆண் இல்லாத மாதத்துக்குப் பழகியிருக்கிறது. கடன் வாங்குவது, வீடு கட்டுவது, வைத்தியம் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். படகு கரை சேர்ந்து மீன் விற்று, டீசல், ஐஸ், இரை, அரிசி என்று செலவு கழிந்த பிறகுதான் பங்கு. கழித்தபின் ஒன்றும் மிஞ்சாத பயணமும் உண்டு. அந்த மாதத்தை ஊர் எப்படியோ தாங்கிக்கொள்கிறது. 80 லட்சத்தில் இந்தத் தாங்கலுக்கு ஒரு வரி இல்லை.

தொழிலின் உள்ளேயும் கதை இதுதான். ஆயிரங்கால் தூண்டிலைக் கடலில் இறக்குவதைப் பார்க்கிறவருக்கு அது வெறும் கயிற்று வேலையாகத் தெரியும். ஒருவர் கொக்கியில் சாளையோ கணவாயோ குத்துகிறார், அடுத்தவர் எறிகிறார், இன்னொருவர் மிதவை கட்டுகிறார், படகு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் கை ஒரு நொடி பிசகினால் கொக்கி மீனுக்குப் பதில் விரலில் ஏறும். நீவாடு என்னும் நீரோட்டம் தூண்டிலை இழுத்துப்போகும் திசையைக் கணக்கிட்டுத்தான் மறுபடி அதைத் தேடிப் போக வேண்டும். கேரை ஏறும்போது வேலை இன்னும் நுணுக்கம். சூரை இனங்கள் பொதுவான மீன்களைப்போல் குளிர்ந்த உடம்பு கொண்டவை அல்ல. சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சூடான தசை அவற்றுக்கு. தூண்டிலில் போராடப் போராட அந்தச் சூடு ஏறும். உடனே கொன்று, இரத்தம் வடித்து, செவுளும் குடலும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணிக்காவிட்டால் சதை வெளிறிப்போகும். குளிர் தப்பினால் ஹிஸ்டமின் சேர்ந்து சாப்பிடுகிறவரைப் படுக்க வைக்கும். ஜப்பானியத் தட்டுக்குப் போக வேண்டிய மீன் அந்தச் சில நிமிடங்களில்தான் உள்ளூர்ச் சந்தைக்கு இறங்குகிறது. ஏற்றுமதி விலையை வைத்துப் போட்ட எந்தத் திட்டக் கணக்கும் இந்தக் கைகளை நம்பித்தான் நிற்கிறது.

தூத்தூர்க்காரரும் ஒரு காலத்தில் கட்டுமரத்தில் போய் அன்றே திரும்பியவர்தானே, அவரால் முடிந்தது மற்றவரால் ஏன் முடியாது என்று கேட்கலாம். சரியான கேள்வி. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் கிடக்கும் அந்த எட்டு ஊர்க் கடற்கரைக்கு இது இரத்தத்தில் வந்த வித்தை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துப் பேசுகிறார்கள். சொந்தக் கரையில் படகு கட்டச் சரியான துறைமுகம் இல்லாததால் கொச்சிக்கும் வடக்குத் துறைகளுக்கும் போனார்கள். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட ஓரிரு நாள் தள்ளிப் போய்ப் பார்த்தது. இலங்கையின் பலநாட்கலங்களும் இப்படி வந்தவைதான். ஒருநாள் தொழில் செய்த 28 அடிப் படகுகளில் 1980களில் ஐஸ் பெட்டி வைத்து இரண்டு நாள், நான்கு நாள் என்று நீட்டித்தான் சிங்கள மீனவர்கள் பெருங்கடலுக்குப் போனார்கள். இரண்டு இடத்திலும் பயணம் முதலில் நீண்டது, படகு பிறகு பெருத்தது. நம் திட்டத்தில் படகு முதலில் பெருத்தது.

இதற்கு எதிராக இருப்பதாகத் தோன்றும் ஒரு சான்று உண்மையில் என் பக்கம்தான் சாய்கிறது. இன்று இந்தப் படகுகளில் ஒடிசா, வங்கம், அஸ்ஸாம் பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் கடலையே பார்க்காமல் வளர்ந்தவர்கள். ஓரிரு சீசனில் பழகிவிடுகிறார்கள். அப்படியானால் மீனவக் குலத்தில் பிறந்த பாக் நீரிணைக்காரர் பழகுவதற்கு என்ன தடை? தடை ஆளில் இல்லை. அஸ்ஸாம் பையன் ஏறுவது பழகிய பன்னிரண்டு பேர் நடுவில் பதின்மூன்றாவது ஆளாக. மானியப் படகில் ஸ்ராங்கு முதல் சமையல்காரர் வரை பன்னிரண்டு பேரும் ஆழ்கடலுக்குப் புதியவர்களாக இருந்துவிடலாம். அந்தப் படகு முதல் பயணத்தில் நட்டப்படாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஒக்கிப் புயலை நினைத்தால், இவ்வளவு தூரம் போகச் சொல்வதே கொலைபாதகம் அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் செத்தவர்களில் பெரும்பங்கு இதே கடற்கரை ஆட்கள். நாள் கணக்கில் தூரத்தில் இருந்த படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவ்வளவு தூரத்துக்கு வயர்லெஸ் எட்டாது. அந்தச் சாவுக்குத் தூரம் மட்டும் காரணம் என்று விட்டுவிட்டால் கரையிலிருப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறோம். பிறகு கொடுத்த நாவிக் செயற்கைக்கோள் கருவிகூடச் செய்தி வாங்கும், திருப்பிச் சொல்லாது என்ற நிலையில்தான் வந்தது. பக்கத்தில் இருப்பதும் காப்பாற்றிவிடாது: பாக் நீரிணையில் கரைக்குப் பக்கத்திலேயே ஆட்கள் பிடிபடுவதும் சாவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே, படகுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை ஆளுக்குத் திருப்புவதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. பாக் நீரிணை இளைஞர்கள் இரண்டு சீசன் தூத்தூர்ப் படகுகளில் பங்கு ஆளாகப் போகட்டும். பங்கு விழாத மாதத்துக்கு வீட்டுக்கு ஒரு தொகை உறுதியாக வரட்டும். அதன் பிறகு அவர்களில் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் படகு கொடுக்கலாம். நாளைய போட்டியாளருக்கு இன்று தொழில் கற்றுக்கொடுக்க எந்த முதலாளி சம்மதிப்பார் என்ற கேள்வி வரும். சம்மதிக்க வேண்டிய நிலையில்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பையன்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள், படகில் ஆள் பற்றவில்லை. ராமேசுவரத்திலிருந்து தூத்தூருக்குப் பக்கத்துத் தேங்காய்ப்பட்டணத்துக்கு ஒரு பகல் பேருந்துப் பயணம் போதும். அஸ்ஸாமிலிருந்து வருகிற பையன் ரயிலிலேயே மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறான்.