மேல்மலையனூரில் ரூம் போட்ட கதை

எங்க வீட்டுல ரூம் போடறது என் டிபார்ட்மெண்ட். கல்யாணம், காதுகுத்து, திருப்பதி, கொடைக்கானல், எதுவானாலும் "அவனைக் கேளு"ன்னு என் பக்கம் கையைக் காட்டிடுவாங்க. எனக்கும் அதுல உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான். தரைத்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும், செக்-அவுட் இருபத்துநாலு மணி நேரமா இல்ல பகல் பன்னெண்டா, டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா, எல்லாத்தையும் போன்லயே கேட்டு முடிச்சிடுவேன். தங்கமணி இதுக்கு வச்சிருக்கிற பேர் 'விசாரணைக் கமிஷன்'. :-)

2025 மே மாசம் ஒரே வாரத்துல கமிஷனுக்கு ரெண்டு கேஸ் வந்துச்சு. ஒண்ணு ஜெர்மனியில இருக்கிற தம்பியோடது. இன்னொண்ணு அம்மாவோடது.

தம்பி கேஸ் இது. ஆகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோட கிரீஸ் போறான். எல்லாரும் போற மிக்கோனோஸ் தீவுல ரூம் வாடகையைக் கேட்டா தலை சுத்துது. படகுல அரைமணி தூரத்துல டினோஸ்னு ஒரு தீவு இருக்கு, அங்க விமான நிலையம் கிடையாது, கப்பல்லதான் போகணும், அதனால கூட்டமும் இருக்காது, விலையும் கம்மியா இருக்கும்னு கணக்குப் போட்டிருக்கான். கணக்கு நல்ல கணக்குதான். ஆனா தேதியைப் போட்டுத் தேடினா ஒண்ணும் சிக்கல. "அண்ணா, ஆகஸ்ட் 13லேர்ந்து 16 வரைக்கும் ஒரு ரூம்கூட இல்லண்ணா. 17க்கு மேல கேட்டா நிறைய காட்டுது. என்னண்ணா இது?"ன்னான்.

எனக்குப் பொறி தட்டுச்சு. "அந்த ஊர்ல ஏதாவது கோயில் இருக்கா பாருடா"ன்னேன்.

இருந்துச்சு! துறைமுகத்துலேர்ந்து நேரா மேட்டுல ஏறுது ஒரு தெரு. அந்தத் தெரு முடியற இடத்துல மாதா கோயில். 1822-ல பெலாகியான்னு ஒரு கன்னியாஸ்திரீ கனவு கண்டு, அவங்க சொன்ன இடத்துல தோண்டி, 1823 ஜனவரியில மாதா படம் கிடைச்சதாம். ஆகஸ்ட் 15 திருநாளுக்கு நாடு முழுக்க இருந்து ஜனம் கப்பல் கப்பலா வந்து இறங்குது. அந்த மேட்டுத் தெருவை முட்டி போட்டே ஏறிப் போறவங்களுக்காக ஓரமா நீளக் கம்பளம் விரிச்சு வச்சிருக்காங்க. கோயிலுக்குள்ள வேண்டுதலுக்குச் செலுத்தின வெள்ளிக் கால், வெள்ளிக் கை, வெள்ளிக் கப்பல். ரூம் கிடைக்காத ஜனம் கோயில் முற்றத்துலயே போர்வை விரிச்சுப் படுத்துடும்.

"அட, நம்ம மலையனூர் அமாவாசைதாண்டா"ன்னேன். அவன் சிரிச்சான். அப்பதான் அம்மா கேஸைச் சொன்னேன்.

அம்மாவுக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு, சர்க்கரையும் இருக்கு. திடீர்னு ஒரு நாள், "வைகாசி அமாவாசைக்கு மலையனூர் போகணும், ராத்திரி தங்கணும்"னாங்க. பொதுவா எதுவும் கேக்கற ஆள் இல்ல. கேட்டதும் கமிஷன் வேலையை ஆரம்பிச்சிடுச்சு.

தெரியாதவங்களுக்கு: மேல்மலையனூர் விழுப்புரம் மாவட்டத்துல, செஞ்சியிலேர்ந்து வளத்தி வழியா சுமார் 20 கிலோமீட்டர். அங்காளபரமேசுவரி கோயில். பிரம்மாவோட தலையைக் கொய்த பாவத்துக்கு அந்தக் கபாலம் சிவன் கையிலயே ஒட்டிக்கிச்சு, அதை விட வச்சது இந்த அம்மன்னு கதை. புற்றா இருந்த அம்மன், அதனால இன்னைக்கும் பிரசாதம் புற்று மண்ணுதான். மாசத் திருவிழா மாதிரி ஒவ்வொரு அமாவாசை ராத்திரியும் ஊஞ்சல் உற்சவம். பதினொரு மணிவாக்குல உற்சவ அம்மன் வடக்கு வாசல் பக்கம் இருக்கிற ஊஞ்சல் மண்டபத்துக்கு வந்து உக்கார, பூசாரிங்க தாலாட்டுப் பாட, ஜனம் எலுமிச்சம்பழத்துலயும் தேங்காயிலயும் சூடம் ஏத்திக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கும். முடிய நடுராத்திரி ஆயிடும். மாசியில மயானக்கொள்ளை, தேர்னு வந்தா கேக்கவே வேணாம், அந்தச் சமயம் ரூம் ஆசையையே விட்டுடலாம்.

முதல் சிக்கல் தேதி. அந்த முறை அமாவாசை திதி 26ஆம் தேதி மத்தியானம் ஆரம்பிச்சு 27 காலையில முடியுது. ஊஞ்சல் நடுராத்திரி சமாச்சாரம், அதனால 26 ராத்திரிதான் கணக்கு. இது தெரியாம மறுநாள் ராத்திரிக்கு ரூம் போட்டு, ஊரே கூட்டிப் பெருக்கி முடிச்சப்புறம் போய் நின்ன ஒருத்தரை எனக்குத் தெரியும். (அந்த ஒருத்தர் நான்தான். 2011. விட்டுடுங்க.)

ரெண்டாவது, எங்க தங்கறது. மலையனூர்லயே சின்னச் சின்ன விடுதிங்க இருக்கு, அமாவாசைக்கு எல்லாம் முன்கூட்டியே போயிடும், தரைத்தளம் சிக்காது. திருவண்ணாமலைல ரூம் நிறைய, பௌர்ணமிக்குத்தான் அங்க அடிதடி, அமாவாசைக்குப் பரவாயில்ல. ஆனா 35 கிலோமீட்டர், ராத்திரி ஒரு மணிக்கு மேல. கடைசியில செஞ்சிக்கு வந்து சேந்தேன். கோட்டை தெரியற மாதிரி ஒரு விடுதி, தரைத்தளம், ஏசி, வெஸ்டர்ன், கைப்பிடிகூட இருக்குன்னு சொன்னாங்க. அக்னி நட்சத்திரம் முடியாத நேரம், ஏசி இல்லாம எப்படி? முன்பணம் அனுப்பிட்டேன். (செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியல்ல இடம் கிடைச்சது அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு, 2025 ஜூலையில.)

அம்மாகிட்ட பெருமையா விவரிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ரூம் எதுக்குடா? நான் கோயில் மண்ணுல படுக்கணும்"னாங்க.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. முட்டி மாத்தின ஆள் தரையில படுத்தா எப்படி எழுந்திருப்பீங்க, ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போகணுமே எங்க போவீங்க, அந்தக் கூட்டத்துல யாராவது மிதிச்சா என்ன பண்றதுன்னு கத்தினேன். மடக்குக் கட்டில் வேணா எடுத்துட்டு வரேன்னேன். அதுவும் வேணாம், தரைதான்னாங்க. காரணம் கேட்டா பதில் இல்ல. ரெண்டு நாள் வீட்டுல யாரும் சரியாப் பேசிக்கல.

மூணாவது நாள் காய் நறுக்கிக்கிட்டே தானா சொன்னாங்க.

எனக்கு முன்னாடி ஒரு அக்கா பொறந்து நாலு மாசத்துல போயிட்டான்னு தெரியும். 1972. அதுக்கு மேல வீட்டுல யாரும் பேசினதில்ல. அதுக்கப்புறம் அம்மா பேச்சையே நிறுத்திட்டாங்களாம். சாப்பாடு, தூக்கம் ஒண்ணும் இல்ல. ராத்திரியில எழுந்து நடக்கறது, கிணத்தடியில போய் நிக்கறது. ஆறேழு மாசம். காத்து கருப்பு பட்டுடுச்சுன்னு எல்லாரும் சொல்ல, சேத்துப்பட்டுலேர்ந்து ஆயா வந்து (எங்க அம்மாவோட அம்மா) மகளைக் கூட்டிட்டுப் போய் மலையனூர்ல மூணு அமாவாசை படுக்க வச்சாங்களாம்.

"உங்க ஆயா என் முந்தானையையும் அது முந்தானையையும் சேத்து முடிஞ்சுக்கிட்டுத்தான் படுக்கும். நான் எழுந்தா அதுக்குத் தெரியணும்ல. ஆனா அது தூங்கவே தூங்காது. விடிய விடிய என் தலையில கை வச்சுக்கிட்டே கிடக்கும். மூணாவது அமாவாசையில எனக்குப் பசிச்சுது. 'ம்மா, பசிக்குது'ன்னேன். அதுதான் முதல் பேச்சு."

அப்புறம் வெண்டைக்காயை நறுக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குத்தான் கையும் ஓடல காலும் ஓடல.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். கோயில்ல படுத்தா மனசு நோய் போயிடும்னு சொல்ல நான் வரல. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில சங்கிலியால கட்டிப் போட்டிருந்தவங்க இருந்த கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேர் கருகிப்போனதைப் படிச்ச யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டே தானா முன்வந்து விசாரிச்ச விஷயம் அது. இன்னைக்கு ஒரு பொண்ணு அம்மா மாதிரி ஆனா, நான் முதல்ல டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போவேன். ஆனா 1972-ல சேத்துப்பட்டுல ஒரு கிழவிக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இதுதான். சங்கிலி இருக்கிற இடத்துல முந்தானை முடிச்சு இருந்துச்சு, பக்கத்துல முழிச்சுக்கிட்டு ஒரு ஆள் இருந்துச்சு. அதை நான் சாதாரணமா நினைக்க மாட்டேன்.

தம்பிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் லைன்ல சத்தமே இல்ல. அவனுக்கும் தெரியாது. மறுநாள் மெசேஜ் அனுப்பியிருந்தான்: பழைய கிரேக்கத்துலயும் நோயாளிங்களைக் கோயில்ல ராத்திரி படுக்க வைப்பாங்களாம், வைத்தியக் கடவுள் கனவுல வந்து குணப்படுத்துவாராம், எபிடாரஸ்ங்கிற ஊர்ல அதுக்குன்னே கட்டின மண்டபம் இருந்துச்சாம்.

சரி, பயணத்துக்கு வருவோம். செஞ்சி ரூமை ரத்து பண்ணல, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். திட்டத்தை மட்டும் மாத்தினேன். தார்ப்பாய், ஜமுக்காளம், கொசுவத்தி, அம்மா மாத்திரை, சர்க்கரை இறங்கினா கொடுக்க பிஸ்கட். கூடவே தங்கமணி யோசனையில ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கமிஷனுக்குத் தோணாத ஐடியா.

சாயங்காலம் அஞ்சு மணிக்கே போயிட்டோம். நேரமானா வண்டியை ஊருக்கு வெளியிலயே நிறுத்திடுவாங்க. அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு மேல நடை, அம்மாவால முடியாது. முதல்ல கழிப்பறை எங்க இருக்குன்னு நான் ஒரு ரவுண்டு அடிச்சுப் பாத்துட்டு, அதுலேர்ந்து கிட்டவும் இல்லாம தூரவும் இல்லாம ஒரு ஓரத்துல தார்ப்பாயை விரிச்சேன். பக்கத்துல வேலூர்ப் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு குடும்பம். புளிச்சோறு வாசனை. அவங்க நடுவுல பத்தொன்பது இருபது வயசுல ஒரு பையன், யாரையும் பாக்காம குனிஞ்சே உக்காந்திருந்தான்.

ஊஞ்சல் நேரத்துல அந்த மைதானத்தைப் பாக்கணுமே! ஆயிரக்கணக்குல சூடம். சிலர் தலைவிரிச்சு ஆட, சிலர் அழ, "அங்காளம்மா தாயே"ன்னு ஒரு சத்தம் எழும்பி அடங்குது. அம்மா நாற்காலியில உக்காந்து கையைக் கூப்பிக்கிட்டே இருந்தாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. நான்தான் புகையில கண்ணு எரியுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

முடிஞ்சதும் பாதிக் கூட்டம் பஸ்ஸுக்கு ஓட, மீதிக் கூட்டம் அங்கங்க சாய்ஞ்சுது. அம்மாவை நானும் தங்கமணியும் ரெண்டு பக்கமும் பிடிச்சு மெதுவா இறக்கினோம். வேலூர்க்கார அம்மா ஒரு தலைகாணியை நீட்டினாங்க. "உங்களுக்கு எத்தினியாவது அமாவாசை?"ன்னு கேட்டாங்க. அங்க அது சாதாரணக் கேள்வி, பல பேர் மூணு அமாவாசைன்னு வேண்டிக்கிட்டு வர்றவங்கதான்.

"நாலாவது"ன்னாங்க அம்மா. "மூணு அம்பது வருசத்துக்கு முன்னாடி."

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா, "சரியாயிட்டீங்களா?"ன்னாங்க.

"ரெண்டு புள்ளைங்க பெத்தேன். பேத்தி காலேஜ் படிக்குது"ன்னு அம்மா சொல்ல, அவங்க அந்தப் பையன் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க. "டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதம்மா"ன்னு அம்மா சொன்னது காதுல விழுந்துச்சு. நான் தூங்கவே இல்ல. அம்மா ஒரு தடவைகூட எழுந்திருக்கல, நல்லாத் தூங்கினாங்க. கொசு மட்டும் என்னைப் பிச்சு எடுத்துடுச்சு.

விடிஞ்சு எழுப்பறதுக்குள்ள பெரும்பாடு. நாற்காலியைத் தலைமாட்டுல போட்டு, ஒரு பக்கமாப் புரட்டி, அவங்க அதைப் பிடிச்சு அழுத்த, வேலூர்ப் பையன் தானா வந்து பின்னாலேர்ந்து தாங்கிப் பிடிச்சான். ஒரு வார்த்தை பேசல.

ஏழு மணிக்குச் செஞ்சி விடுதிக்குப் போனோம். "நைட்டு வருவீங்கன்னு பாத்தேன் சார்"னு பையன் சாவியைக் கொடுத்தான். குளிச்சு, இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கிட்டு, அந்த ஏசி ரூம்ல அம்மா படுக்கவே இல்ல. கால் நீட்டி உக்காந்து ஜன்னல் வழியாக் கோட்டையைப் பாத்துக்கிட்டு, ஆயாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்க. நான்தான் கட்டில்ல விழுந்து பன்னெண்டு மணி வரைக்கும் குறட்டை.

தம்பி ஆகஸ்ட் 17லேர்ந்து 21 வரைக்கும் டினோஸ்ல ரூம் போட்டுப் போயிட்டு வந்தான். 15ஆம் தேதியே போய் முற்றத்துல படுடான்னேன், பொண்டாட்டி டைவர்ஸ் பண்ணிடுவான்னுட்டான். :-) ஆனா அந்தக் கோயில்ல ஒரு வெள்ளித் தகடு வாங்கிச் செலுத்தியிருக்கான். கால் படம் போட்டது. அம்மா போட்டோவைப் பாத்துட்டு, "ஒரு கால்தான் இருக்கு, எனக்கு ரெண்டு முட்டியும்ல மாத்தியிருக்கு"ன்னாங்க.

மலையனூர் போறவங்களுக்கு: ராத்திரி திதி இருக்கான்னு பாத்துட்டுத் தேதி குறிங்க. வயசானவங்க கூட வந்தா சாயங்காலமே போயிடுங்க, செஞ்சியில ஒரு தரைத்தள ரூம் கையில இருக்கட்டும், காலையில குளிக்கவாவது ஆகும். கொசுவத்தி ரெண்டு டப்பா. பிளாஸ்டிக் நாற்காலி கைப்பிடி வச்சதா எடுத்துக்கோங்க, கைப்பிடி இல்லாதது வழுக்குது.