பனியில் உறங்கிய பிள்ளை

தக்கலையில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைப் பனியும் ஆனி, ஆடிச் சாரலும்தாம். குமரி மாவட்டத்தின் சமவெளியில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சிறு குளிருக்கே எங்கள் வீடுகளில் எத்தனை ஏற்பாடுகள்! பிள்ளையைக் குளிப்பாட்டியதும் தலையை ஈரமறத் துவட்டி, உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்து, சாம்பிராணிப் புகை காட்டி, சன்னல்களையும் அடைத்துவிடுவார்கள்.

அத்தகைய வீட்டில் வளர்ந்த என் தங்கை, கணவரின் பணி நிமித்தம் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் குடியேறி, அங்கேயே ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானாள். சென்ற டிசம்பரில் அவர்களைக் காணச் சென்றிருந்தேன். திருவனந்தபுரத்தில் வேர்வையோடு விமானம் ஏறியவன், உறைநிலைக்கும் 9 பாகை கீழே இருந்த ஊரில் போய் இறங்கினேன். அங்கே டிசம்பர் இறுதியில் கதிரவன் உதிப்பது காலை ஒன்பதரை மணியளவில். மறைவதோ பிற்பகல் மூன்றேகால் மணியளவில். லுஹரும் அஸரும் மஃரிபும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகின்றன.

மறுநாள் நான் கண்ட காட்சி என்னைத் திகைக்க வைத்தது. வெண்பனி மூடிய அடுக்குமாடி முற்றத்தில் ஒரு குழந்தை வண்டி நின்றது. அதனுள் ஒரு பச்சிளங்குழந்தை அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர் வீட்டினுள்ளே இருந்தனர். பதறிப்போய்த் தங்கையிடம் கூறினேன். "இங்க எல்லாரும் அப்படித்தான் காக்கா, பிள்ளைய வெளியில உறக்குவாங்க" என்றாள்.

ஆனால் ஏழு மாதமான அவளுடைய பிள்ளையோ மூன்று வாரமாக வாசலைத் தாண்டவில்லை. அடைத்த அறையில் உறக்கமின்றிச் சிணுங்கிக்கொண்டே இருந்தான். குழந்தை நல நிலையத்துத் தாதி, "தினமும் வெளியே கொண்டுபோகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து உம்மாவோ நாள்தோறும் தொலைபேசியில், "பச்சப்பிள்ளைய பனியில கெடத்தாத மோளே" என்று அழாக்குறையாகச் சொல்லி வந்தார்கள். "யார் சொல்லுகத நான் கேக்க, காக்கா?" என்று தங்கை கண் கலங்கினாள்.

உம்மாவின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி, ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஓர் ஆடி மழையில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறி மவுத்தானான். "ஈரக்காத்து பட விட்டுட்டியே" என்று அன்று உறவினர் ஒருவர் சொன்ன சொல், இன்றும் உம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்கிறது.

பின்லாந்து மக்களும் இத்தகைய துயரை அறியாதவர்கள் அல்லர். 1930ஆம் ஆண்டுகளில் அங்கே பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. ஆர்வோ யில்ப்போ (1887–1992) என்னும் குழந்தை மருத்துவர், பிள்ளைகளுக்குத் தூய காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று ஊரெங்கும் வலியுறுத்தினார். ஏழைத் தாய்மாருக்குக் குழந்தைத் துணிமணிகள் நிறைந்த பெட்டியை அரசு 1938இல் வழங்கத் தொடங்கியது. 1949இல் அது எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவச் சோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்பெட்டியில் குளிருடையும் உறக்கப் பையும் இருக்கும். பெட்டியே குழந்தைக்கு முதல் தொட்டிலாகவும் உதவும். இன்று அந்நாடு குழந்தை இறப்பு மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று.

அவர்கள் குளிரை அலட்சியம் செய்வதில்லை, அளந்து நடக்கிறார்கள். உடலை ஒட்டிக் கம்பளி உடை, அதன்மேல் இன்னோர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத உடை. பருத்தியோ வேர்வையை உறிஞ்சிக் குளிர்ந்துபோகும். பிடரியைத் தொட்டுப் பார்த்துப் பிள்ளையின் வெதுவெதுப்பை அறிகிறார்கள். கடுங்குளிர் நாளில் வெளியே விடுவதில்லை. வெயில் குறைந்த நாடாதலால் டி வைட்டமின் சொட்டு மருந்தும் நாள்தோறும் கொடுக்கிறார்கள்.

சிந்தித்துப் பார்த்தால், உம்மாவின் ராஸ்னாதிப் பொடியும் இதைத்தானே சொல்கிறது? ஈரம் தங்கக்கூடாது, காற்று உடலைத் தாக்கக்கூடாது. கருத்து ஒன்றே, ஊர்தான் வேறு. நம் மார்க்கத்துக்கும் இது புதிதன்று. மக்கத்துக் குறைஷியர் தம் பிள்ளைகளை நல்ல காற்றுக்காகப் பாலைவெளிச் செவிலித்தாயரிடம் அனுப்பினர். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஹலீமா நாயகியாரிடம் வளர்ந்தது அவ்வாறே. ரஷ்யாவிலிருந்து வணிகர்களாக வந்து பின்லாந்தில் குடியேறிய தாத்தாரிய முஸ்லிம்கள் 1925இலேயே அங்கு ஜமாஅத் அமைத்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பல தலைமுறைகளாக அந்தப் பனியில்தான் வளர்கிறார்கள்.

மறுநாள் பிஸ்மி சொல்லிப் பிள்ளைக்கு முறைப்படி உடுத்தி, முற்றத்தில் வண்டியை நிறுத்தி, நாங்கள் இருவரும் அருகிலேயே நின்றோம். ஐந்து நிமிடத்தில் அவன் உறங்கிவிட்டான். கைப்பேசியில் உம்மாவை அழைத்துப் பிள்ளையின் முகத்தைக் காட்டினேன். உம்மா பதறினார்கள்.

"உம்மா, நெஞ்சுச் சளி கிருமியால வாறது. தம்பி மவுத்தானதுக்கு நீங்க காரணமில்ல. அது அல்லாஹ்வின் நாட்டம்" என்றேன். இத்தனை ஆண்டுகளில் இதை நான் ஒருமுறையேனும் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை.

உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைக்க தலை நனையல்லியே?" என்று மட்டும் கேட்டார்கள்.

"நனையல்ல உம்மா" என்றாள் தங்கை.

பிள்ளை அன்று இரண்டு மணி நேரம் உறங்கினான். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.