ஏர் பிடிக்காத கை

எங்க ஜவ்வாது மலைல பொம்பள ஏர் பிடிக்கக் கூடாது. பிடிச்சா ஊருக்கு ஆகாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

மலையாளிப் பழங்குடியில் பிறந்தவள் நான். விவரம் தெரிஞ்ச நாளா சாமைக் கொல்லையில் களை எடுத்தவள். ஏர் ஓட்டுறது சில நாள் வேலை. களையெடுப்பு, அறுப்பு, தூத்துறது, புடைக்கிறது எல்லாம் எங்க தலைல. கூலி பேசும்போது மட்டும் ஆம்பளைக்கு ஒரு கணக்கு, பொம்பளைக்கு ஒரு கணக்கு. ஏன்னு கேட்டா, 'நீ ஏர் ஓட்டுவியா?'ம்பாங்க. ஓட்டவே கூடாதுன்னு சொன்னவங்கதான் இப்படிக் கேக்கிறாங்க.

சாமை குத்துறது லேசான வேலை இல்ல. உமி அரிசியோட ஒட்டிக் கிடக்கும். திரும்பத் திரும்பக் குத்தணும். விடியறதுக்கு முன்னயே எங்கம்மா உலக்கையப் பிடிச்சிடும். அதுக்குக் கூலி கிடையாது, வேலைங்கிற பேரும் கிடையாது. அப்புறம் ஊருக்கு மிஷின் வந்துச்சி. சுவிட்சு போட ஒரு ஆம்பள உக்காந்தாரு. அன்னைக்கே அது வேலையாயிடுச்சி. படிக்கு இவ்வளவுன்னு கூலியும் வந்துச்சி.

இந்த 'ஆம்பள'ங்கிற பேர் ஆம்பளைங்களையும் காவு வாங்கியிருக்கு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது. எங்க மலைக்காரங்களும் அதில் உண்டு. செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கிற புரோக்கர் காசை மட்டும் காட்டமாட்டான். 'பொண்டாட்டி களை எடுத்த காசுல சோறு திங்கிறியே, நீ ஆம்பளயா?'ன்னு உசுப்பேத்துவான். அந்தச் சொல்லுக்கு ரோசப்பட்டு மலை எறங்கினவங்கள எனக்குத் தெரியும். மரம் வித்தவன் சாகல, வெட்டப் போனவன்தான் செத்தான்.

அப்படிப் புருஷன் போன வீட்டில் கடனும் புள்ளைங்களும் பொம்பளைக்கு. நிலம் மட்டும் அவ பேர்ல இருக்காது. பொறந்த வீட்டிலும் பங்கு கிடையாது. 2005 திருத்தத்தில் மகளுக்கும் சமபங்கு கொடுத்த இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை பழங்குடிகளுக்குப் பொருந்தாது. அதன் 2(2) பிரிவு அப்படிச் சொல்கிறது. எங்க வழக்கத்தைக் காப்பாத்தத்தானாம். பொம்பளைய உக்கார விடாத ஊர்ப் பஞ்சாயத்து பேசி வச்ச வழக்கம் எங்களுக்கு எப்படி வழக்கமாகும்?

2024 பிப்ரவரியில் எங்க மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். பிரசவமாகி ரெண்டே நாளில் சென்னைக்குப் போய் எழுதிய தேர்வு. மலையே கொண்டாடிச்சி. ஆனால் அவர் படித்த அந்த வாரிசுரிமைச் சட்டத்தில் அவர் இனத்து மகளுக்கு இடமில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வழக்கத்தை நிரூபிக்காமல் பழங்குடிப் பெண்ணுக்குப் பங்கு மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனா களைக் கூலி வாங்குறவ வக்கீலுக்குக் காசு கட்டி, அண்ணன் தம்பி மேல கேஸ் போட்டு எப்போ நிலம் வாங்குறது?

நில உரிமைக்குப் போராடுற தோழர்களுக்கு ஒண்ணு சொல்லணும். 'குடும்பத்துக்கு ஒரு பட்டா'ன்னு கோஷம் போட்டா அதில் ஆம்பள பேர்தான் ஏறும். 2006 வன உரிமைச் சட்டம் புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே உரிமைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுது. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதும்போது அந்த ரெண்டாவது பேரையும் எழுதுங்க.