டயருக்குள் ஒரு முள்

மிதிவண்டிப் பஞ்சரைத் தாங்களே ஒட்டியதுண்டா?

நான் ஒட்டினேன். டியூபை நீரில் அமிழ்த்தி, குமிழி எழுந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்று உலர்ந்தபின் ஒட்டுப் போட்டேன். கையெல்லாம் கரி, நெஞ்செல்லாம் பெருமிதம்! மறுநாள் காலை சக்கரம் மீண்டும் தட்டையாகக் கிடந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே மதரஸா சென்றேன். பிந்தி வரும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் நான், அன்று அவர்கள் காத்திருக்கத் தலைகுனிந்து நுழைந்தேன்.

“டயருக்குள் விரலால் தடவிப் பார்த்தீர்களா, உஸ்தாத்?” என்றான் ஒரு சிறுவன். அடிக்கடி பிந்தி வருபவன் அவன்தான்.

தடவவில்லை. கருவேல முள்ளின் நுனி உள்ளேயே இருந்தது. குறட்டால் பிடுங்கிவிட்டு மறுபடியும் ஒட்டினேன். இரண்டு வாரமாகக் காற்று இறங்கவில்லை; சிரிக்காதீர்கள், தினமும் அழுத்திப் பார்க்கிறேன்.

அச்சிறுவன் வாப்பாவின் சைக்கிள் கடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வருகிறானாம். இத்தனை நாளும் நான் கேட்டதில்லை.