அப்பாவின் சங்கமும் என் சாமர்த்தியமும்

என் அப்பா கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் ரிங் பிரேம் ஓட்டியவர். எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை, மில் சங்கு ஊதினால் போதும். ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வருவார். குளித்துவிட்டு நேராக சங்க ஆபீஸ். ஜனவரி 8 வந்தால் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துச் சின்னியம்பாளையம் கூட்டிப் போவார். 1946-ல் அதே தேதியில் கோவை ஜெயிலில் தூக்கிலிடப்பட்ட நாலு மில் தொழிலாளிகளுக்கு அஞ்சலி. எனக்குத் திரும்பி வரும்போது வாங்கித் தரும் கடலைமிட்டாய்தான் முக்கியம்.

வளர வளர எனக்குச் சங்கம் என்றாலே எரிச்சல். மில்லில் வேலை நிறுத்தம் என்றால் எங்கள் வீட்டில் பருப்பு நிறுத்தம். அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போய்விடும். "கொடி பிடிச்ச நேரத்துல ஒரு டிப்ளமா படிச்சிருந்தா சூப்பர்வைசர் ஆயிருக்கலாமேப்பா" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "நான் ஒருத்தன் சூப்பர்வைசர் ஆயிட்டா மத்தவன் என்ன கண்ணு பண்ணுவான்?" என்றார். இதெல்லாம் உருப்படாத பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்தேன். எஞ்சினியரிங் முடித்து மும்பைக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பித்தேன். மூன்று கம்பெனி தாவினேன். ஒவ்வொரு தாவலுக்கும் சம்பளம் ஏறியது. யாரும் எனக்காகக் கோஷம் போடவில்லை. எல்லாம் என் சாமர்த்தியம் என்று தங்கமணியிடம் பீற்றிக்கொண்டது வேறு கதை :)

ஆபீஸ் லோயர் பரேலில். ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க பஞ்சாலைகள். 1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். முறைப்படி வாபஸ் வாங்காமலே முடிந்துபோன போராட்டம் அது. பல மில்கள் பிறகு திறக்கவே இல்லை. லட்சத்துக்கும் மேல் குடும்பங்களின் பிழைப்பு போனது. எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனின் அப்பா அப்படி வேலை போன ஒரு நெசவுத் தொழிலாளி. ஊருக்குப் போன் பண்ணும்போது, "பாத்தீங்களாப்பா, உங்க சங்கம் என்ன பண்ணுச்சுன்னு" என்று இதை நான் சொல்லிக்காட்டியதும் உண்டு.

அப்புறம் 2009 வந்தது. முந்தைய வருஷம் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்ததில் எங்கள் புராஜெக்டும் சுருங்கியது. டீம் லீடான என்னிடம் நாலு பேர் கேட்டார்கள். நானே எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொருவராக மீட்டிங் ரூமுக்கு அழைத்தோம். "நீங்களா ராஜினாமா குடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் சுத்தமா வரும்" என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த வசனம். அதை நாலு தடவை சொன்னேன். மூன்றாவதாக வந்தவருக்கு என்னைவிட வயது அதிகம், ஒன்பது வருஷ சர்வீஸ். பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்க கையெழுத்து போடணும்?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உள்ள போறப்ப அவங்கூட யாரு இருந்தா கண்ணு?" என்று கேட்டார்.

"யாரும் இல்லப்பா. தனித்தனியாத்தான் கூப்பிடுவாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எங்க மில்லுல மெமோ வாங்கப் போறவங்கூட சங்கத்து ஆளு ஒருத்தரு போவாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. சும்மா பக்கத்துல நிப்பாரு. அவ்வளவுதான்."

பிறகுதான் தேடிப் படித்தேன். அன்றைக்கு இருந்த 1947 தொழில் தகராறுகள் சட்டப்படி ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தரவேண்டும். ராஜினாமா என்று எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. பொட்டி தட்டுகிறவன் அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிலாளியா இல்லையா என்று வழக்காடியிருக்கலாம். நாலு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் சாமர்த்தியக் கணக்கையும் ஒருநாள் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். என் காலேஜ் பீஸ் வருஷா வருஷம் கட்டியது அப்பாவின் தீபாவளி போனஸில். சட்டம் சொன்ன 8.33 சதவீதத்துக்கு மேல் வாங்க ஒவ்வொரு ஐப்பசியிலும் சங்கம் மல்லுக்கு நின்றது. அம்மாவின் ஆபரேஷன் நடந்தது ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில். நான் தனியாக ஏறினேன் என்பது பொய்யில்லை. ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே பல பேர் நின்றிருக்கிறார்கள்.

அதற்காகச் சங்கம் என்றால் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. எங்கள் மில் சங்கமே பதிலித் தொழிலாளிகளைக் கண்டுகொண்டதில்லை, அப்பாவே வருத்தப்பட்டிருக்கிறார். எப்போது நிறுத்துவது என்று தெரியாத போராட்டத்தின் விலையை லோயர் பரேல் பார்த்தது. உழைப்பும் படிப்பும் இல்லாமல் சங்கம் மட்டும் யாரையும் கரை சேர்க்காது. ஆனால் அந்த ரூமுக்குள் என் படிப்பும் சம்பளமும் அவர்களுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார மட்டுமே உதவின.

2017-ல் கர்நாடகாவில் ஐடி ஊழியர்களுக்கென்றே ஒரு சங்கம் பதிவானது என்று படித்தபோது சொல்லிச் சந்தோஷப்பட அப்பா இல்லை.

போன மாசம் என் மகள் முதல் வேலையில் சேர்ந்தாள், பெங்களூரில். நன்றாகப் படி, புதுசாக எதையாவது கற்றுக்கொண்டே இரு என்று எல்லா அப்பாக்களும் சொல்வதைச் சொன்னேன். ரயில் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன்: "எந்தக் காகிதத்துலயும் தனியா உக்காந்து கையெழுத்துப் போடாதே. பக்கத்து சீட்டுல இருக்கிறவளையும் தனியா போகவிடாதே."

"தாத்தா மாதிரியே பேசறீங்க" என்று சிரித்தாள்.