கடகத்தின் பூர்வீகம் தேடி

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு காலத்தில் பனையோலை தொடாத வேலை குறைவு. பிட்டு அவிந்தது நீத்துப்பெட்டியில். அரிசி புடைத்தது சுளகில். பனங்கட்டி சந்தைக்கு வந்தது குட்டானில். பெரியவர்களின் மடியில் வெற்றிலையும் சில்லறையும் கொட்டப்பெட்டிக்குள் இருந்தன. நெல்லோ மரக்கறியோ, பாரம் எதுவானாலும் தலையில் ஏறியது கடகத்தில்.

கடகத்துக்கு அடி சதுரம், வாய் வட்டம். இந்த வடிவம் எப்படிப் பிறந்தது? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

முதலில் ஏடுகள். தாவரவியலாளர் வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதிக் கொழும்பில் வெளியிட்டார். பனைக்கு 801 பயன்கள் உண்டென்று 'தாலவிலாசம்' என்ற தமிழ்ப் பாடல் கணக்குச் சொல்வதைப் பனை பற்றி எழுதிய பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் ஏட்டில் ஏறும்போதே ஓலைப்பெட்டி வளர்ந்து முதிர்ந்த பொருளாகிவிட்டது. அதன் பிறப்பை ஏட்டில் தேடிப் பயனில்லை.

மண்ணும் எளிதில் வாய் திறக்காது. மழையும் கறையானும் உள்ள நாட்டில் ஓலை மக்கிப்போகும். பழைய கூடைகள் பல தப்பிப் பிழைத்தது வறண்ட குகைகளில். யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகையில் மூடியோடு முழுசாகக் கிடைத்த கூடையைப் பற்றி 2021இல் அறிவித்தார்கள். அதன் வயது ஏறத்தாழ 10,500 ஆண்டுகள். அந்தப் பகுதியில் மட்பாண்டம் தோன்றுமுன்பே பின்னியது அது. பின்னலின் போக்கைப் பார்த்தே, இரண்டு பேர் சேர்ந்து பின்னியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் இடக்கைக்காரர் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். காஷ்மீரில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த புர்சாஹோமிலோ பாய் அழிந்துவிட்டது. ஈரப் பானையை அதன்மேல் வைத்தபோது பதிந்த தடம் மட்டும் பானையின் அடியில் நிற்கிறது.

பின்னலுக்குள் கையின் கணக்கு இருக்கிறதென்றால், கடகத்தையும் அப்படி வாசிக்கலாம். வாசிக்க வேண்டுமானால் இழைக்கப் பழக வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் ஓர் அம்மா பழக்கினார். சத்தகம் என்னும் சிறு கத்தியால் ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து வைத்தார். "காஞ்ச ஓலை முறியும் பிள்ளை. தண்ணி தெளிச்சுப் பதமாக்கிப்போட்டு இழையுங்கோ" என்றார்.

அடி வளரும்வரை அது வெறும் பாய்தான். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஓலைகள் செங்குத்தாகக் குறுக்கிட்டு ஓடும். மூலை வந்ததும் கதை மாறுகிறது. அதுவரை விலகிப் போய்க்கொண்டிருந்த இரண்டு பக்கத்து ஓலைகளை அம்மா ஒன்றன்மேல் ஒன்று மடக்கி இழைத்தார். பெருவிரலால் அழுத்தி, இழுத்து இறுக்கினார். தட்டையாகக் கிடந்த பாய் அந்த இடத்தில் எழுந்து நின்றது. நான்கு மூலையும் இப்படித் திரும்பினால் சுவர் தானாக எழும். மேலே திருப்ப மூலை இல்லாததால் வாய் வட்டமாகிவிடுகிறது.

நான் தேடிய விடை அங்கே இருந்தது. யாரோ ஒருவர் மனதில் வரைந்து செய்த வடிவமல்ல அது. நீண்ட, தட்டையான, மடங்கும் ஓலையைக் குறுக்கே இழைத்தால் வரும் வடிவம். பாரம் தாங்க இரண்டு பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கிறார்கள். விளிம்பு பிரியாமல் நாரால் பொத்துகிறார்கள். அந்த நாரும் பனைமட்டையிலிருந்தே வருகிறது. கடல் தாண்டித் தமிழ்நாட்டின் மணப்பாட்டுப் பக்கத்திலும் ஓலைப்பெட்டி முடைகிறார்கள். பனையும் பாரமும் ஒன்றாக இருந்த இடத்தில், பல கைகள் தனித்தனியே இந்த மூலையைக் கண்டிருக்க முடியும்.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவானது. ஓலைத் தொப்பிக்கும் பரிசுப் பெட்டிக்கும் இன்று வாங்க ஆள் உண்டு. பெரிய இருபட்டைக் கடகத்தின் இடத்தைத்தான் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. அதனால் முதலில் பதிவு செய்ய வேண்டியது அந்த மூலை திருப்பும் முறையை. ஊர் ஊராகப் போய் அதைப் படம்பிடிக்கும் வேலையை வடக்கின் பள்ளிக்கூடங்களே தொடங்கலாம். பல பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆள் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்.